மும்பை ராயல் ஓபரா ஹவுஸ்: மைக் இல்லாத குரலும் ஒரு கம்பெனி முதலாளியும்

சார்னி ரோடு ராயல் ஓபரா ஹவுஸில் டிக்கெட் எடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு யோசனை. மைக் வைக்காமல் பாடுகிற நிகழ்ச்சி என்றால் மேல் பால்கனியில் இடம் கேளுங்கள். கீழே முன்வரிசையில் உட்கார்ந்தால் பாடுகிறவரின் முகம் நன்றாகத் தெரியும், கழுத்து நரம்பு புடைப்பதுகூடத் தெரியும். ஆனால் அந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது மேலே போனால்தான் புரியும்.

என் மகள் அந்தேரியில் வேலை பார்க்கிறாள். புக் மை ஷோவில் அவள்தான் டிக்கெட் எடுத்தாள். நான் சயானில் இருக்கிறேன், ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மேற்கத்திய சங்கீதம் எனக்குப் பாடமாகத் தெரியாது. ஆனால் மேடையில் பாடுவது என்றால் என்னவென்று தெரியும். என் அப்பா மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் என்கிற, இரவு முழுக்க நடக்கும் மேடை நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். ராஜபார்ட்டும் (கதாநாயகன்) ஸ்திரீபார்ட்டும் (கதாநாயகி) தர்க்கம் பண்ணும்போது விடிய விடியக் கட்டை மாறாமல் பின்பாட்டும் பாடிக்கொண்டு போவார். பிழைப்புக்காகப் பம்பாய் வந்தபிறகும் தாராவி அம்மன் கோவில் கொடைகளில் வாசித்தார். அந்தக் காதோடுதான் நான் ஓபரா ஹவுஸுக்குள் போனேன்.

நிகழ்ச்சி எளிமையானது. ஒரு பியானோ, நாலைந்து இளம் பாடகர்கள், மோட்சார்ட்டும் புச்சினியும். சேர்ந்திசைக் குழு கிடையாது, அரங்கப் படுதா கிடையாது. முதலில் ஒரு பெண் வந்து நின்று, கையை மடித்து வயிற்றருகில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். மேடைக்கும் எனக்கும் நடுவே எத்தனையோ வரிசை இருக்கை. இருந்தும் அந்தக் குரல் பக்கத்து நாற்காலியிலிருந்து வருவதுபோல வந்தது. சத்தமாகப் பாடியதால் இல்லை. மிக மெதுவாக, மூச்சோடு மூச்சாகப் பாடிய இடமும் மேலே வரை முழுசாக வந்து சேர்ந்தது. பியானோ நின்றபிறகு கடைசி ஸ்வரம் கூரையில் கொஞ்ச நேரம் தங்கிப் பிறகு போனதைக் கேட்டேன். என் மகள் திரும்பி, "அப்பா, ஸ்பீக்கர் எங்கே இருக்கு?" என்று தேடினாள். அன்றைக்கு ஸ்பீக்கர் எதுவும் போடவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓபரா என்கிற மேற்கத்திய இசை நாடகத்தில் பாடுகிறவர்கள் வருஷக்கணக்காகப் பயிற்சி செய்து, குரலின் சக்தியைச் சுமார் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் குவித்துக்கொள்கிறார்கள். வாத்தியக் கோஷ்டியின் பெரும் சக்தி அதற்குக் கீழேயே தங்கிவிடுகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அந்த மூவாயிரத்துப் பக்கத்தில்தான். அதனால் 60 வாத்தியம் வாசித்தாலும் ஒற்றைக் குரல் அதற்கு மேலே மிதந்து வரும். அப்புறம் கட்டடம் தன் பங்கைச் செய்கிறது. நீளத்தைவிட உயரத்தை நம்பிய அமைப்பு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பால்கனிகள், வழவழப்பான வெறும் சுவர் இல்லாமல் எங்கே பார்த்தாலும் பூவேலை. நாம் அலங்காரம் என்று நினைக்கிற அந்தச் சுதை வேலை ஒலியைப் பல பக்கமும் சிதறடித்து அனுப்புகிறது. கேலரியில் உட்காருகிறவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும் என்று நினைத்தே இந்த அரங்கின் கூரையை அமைத்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் இந்த வித்தை இருந்தது. நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை பாடினார். தகரக் கூரை, தட்டிச் சுவர், வெளியே வண்டி மாடுகளின் மணிச் சத்தம், உள்ளே அழுகிற குழந்தைகள். இவ்வளவையும் தாண்டிப் போகத்தான் நாடகக்காரர்கள் ஐந்து கட்டை ஸ்ருதியில் பாடினார்கள் என்று அப்பா சொல்வார். அந்த உயரத்தில்தான் சொல் தெளிவாகத் தூரம் போகும். கிட்டப்பா முப்பது வயதுகூட ஆகாமல் 1933-ல் போய்விட்டார். அவர் பாடியதற்கு இப்படி ஒரு கூரை கிடைத்திருந்தால் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் புறநகரில் ஒரு சின்ன ஹாலில், நூறு பேருக்கு நடக்கும் நாடகத்துக்குக்கூட ஆளுக்கொரு மைக்கை மாட்டிவிடுகிறார்கள். சமீபத்தில் அப்படி ஒன்று பார்த்தேன். வள்ளி பேசும் வசனம் மேடையின் இடது ஓரத்தில் நின்ற வள்ளியிடமிருந்து வராமல், வலது பக்கப் பெட்டியிலிருந்து வந்தது. காது ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் போனால் நாடகம் எப்படி மனசில் நிற்கும்? சண்முகானந்தா மாதிரி 2,700 இருக்கைக்கு மேல் உள்ள மன்றத்துக்கு ஒலிபெருக்கி அவசியம், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஓபரா ஹவுஸில் சுமார் 575 பேர்தான் உட்காரலாம். மனிதக் குரலுக்கு அது சரியான அளவு.

கட்டடத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. 1908-ல் யோசனை பிறந்தது. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியா வந்தபோது, வேலை முடியாமலேயே திறந்து வைத்தார். 1912-ல் வேலை முடிந்தது. பரோக் பாணி முகப்பு. உள்ளே குவிமாடம் எட்டுப் பகுதிகளாகப் பிரிந்து கவிஞர்கள், நாவலாசிரியர்கள், நாடகாசிரியர்களுக்குக் காணிக்கையாக வரையப்பட்டிருக்கிறது. சரவிளக்குகள் சசூன் குடும்பத்து வீட்டிலிருந்து வந்தவை. 1952 முதல் கோண்டல் ராஜ குடும்பத்தின் கையில் இருக்கிறது. 1993-ல் மூடினார்கள். கட்டடக்கலைஞர் ஆபா நாராயண் லாம்பா மேற்பார்வையில் பல வருஷம் பழுதுபார்த்து, 2016 அக்டோபரில், மும்பையில் பிறந்த சோப்ரானோ (உச்சக் குரல் பாடகி) பாட்ரிசியா ரொசாரியோவின் கச்சேரியோடு மறுபடி திறந்தார்கள். மறுவருஷம் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதில் ஒரு கௌரவம் கிடைத்தது. 23 வருஷம் பூட்டிக் கிடந்த இடம் இப்படி எழுந்து நிற்பதைப் பார்க்கவே ஒருமுறை போகலாம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதைக் கட்டியவருக்காக. ஜஹாங்கீர் ஃப்ராம்ஜி கராகா என்ற பார்சி நிலக்கரி வியாபாரியும் மாரிஸ் பாண்ட்மன் என்ற நாடகக் கம்பெனி முதலாளியும் கூட்டாகச் சேர்ந்து கட்டியது இது. பாண்ட்மன் பெயரை மும்பையில் பத்து பேரிடம் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்தால் ஆச்சரியம். எனக்கும் வீட்டுக்கு வந்து படித்தபிறகுதான் முழுசாகத் தெரிந்தது. படிக்கப் படிக்க, இவர் நம்ம ஆள் என்று தோன்றியது. நிறத்திலோ மொழியிலோ இல்லை, தொழிலில்.

1872-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா டேனியல் பாண்ட்மன், ஜெர்மானிய அமெரிக்க நடிகர், ஷேக்ஸ்பியர் நாடகங்களை எடுத்துக்கொண்டு ஆஸ்திரேலியா, இந்தியா, சீனா என்று ஊர் ஊராகப் போனவர். அம்மா மில்லிசென்ட் பாமர், ஆங்கிலேய நடிகை. மகனும் நடிகராகத்தான் ஆரம்பித்தார். பிறகு நடிப்பதைவிட நடத்துவதில் கை தேர்ந்தவர் என்று தன்னைக் கண்டுகொண்டார். முதலில் மத்தியதரைக் கடல் ஊர்கள். அப்புறம் கல்கத்தாவைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு, ஜிப்ரால்டரில் தொடங்கி மால்டா, கெய்ரோ, பம்பாய், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், ஹாங்காங், ஷாங்காய் வழியாக யோகோஹாமா வரை ஒரு சுற்று. பாண்ட்மன் ஓபரா கம்பெனி என்று அதற்குப் பெயர். அந்தப் பாதையில் ஒரே சமயத்தில் அவருடைய குழுக்கள் பல போய்க்கொண்டிருந்தன. ஒன்று கெய்ரோவில் திரை போடும்போது இன்னொன்று ரங்கூனில் திரை தூக்கும்.

பார்சல் ஆபீஸில் இருந்தவன் இதைப் படித்தால் தூக்கம் வராது. படுதாச் சுருள்களை நினைத்துப் பாருங்கள். கேன்வாஸில் வரைந்த அரண்மனை, தோட்டம், துறைமுகம், எல்லாம் மூங்கிலில் சுருட்டியவை, மழையில் நனைந்தால் வண்ணம் ஓடிவிடும். உடைப் பெட்டிகள் தனி. இசைக் குறிப்புப் புத்தகங்கள் தனி. கம்பெனி ஆட்கள் கப்பலில், சாமான் சில சமயம் ரயிலில். கப்பல் ஒரு நாள் தாமதித்தால் ஊரில் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, டிக்கெட் விற்றாகிவிட்டது. என் சர்வீஸில் நாடகக் குழுக்களுக்கும் சர்க்கஸ்காரர்களுக்கும் சாமான் பதிவு செய்திருக்கிறேன். சலுகைக் கட்டணத்துக்குச் சான்றிதழோடு வருவார்கள். மேனேஜரின் முகத்தைப் பார்த்தாலே கம்பெனி நன்றாக நடக்கிறதா, சம்பளப் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு குழுவை ஓர் இரவு வண்டியில் ஏற்றுவதற்கே அவ்வளவு பாடு. தந்தி ஒன்றை மட்டும் நம்பி, கடல் தாண்டி, வருஷக்கணக்காக, பல குழுக்களை ஒருவர் நடத்தினார் என்றால் அது சாதாரண மூளை இல்லை.

இன்னொரு சாமர்த்தியம். ரங்கூன் போன்ற ஊரில் ஆங்கிலம் தெரிந்து, காசு கொடுத்து வருகிற கூட்டம் சிறிசு. ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் மூன்றாம் நாள் கொட்டகை காலி. அதனால் ராத்திரிக்கு ஒரு நாடகம் என்று மாற்றிக்கொண்டே போனார். அதே கூட்டம் தினமும் வரும். ஆனால் அதற்காக நடிகர்கள் இத்தனை நாடகத்தையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். நம் கம்பெனிகளும் இதையே செய்தன. ஓர் ஊரில் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் இருப்பார்கள், கூட்டம் குறைந்தால் நாடகத்தை மாற்றுவார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் இன்னும் ஒரு படி மேலே. வெவ்வேறு ஊரிலிருந்து நடிகர்கள் அன்றைக்குச் சாயங்காலம்தான் வந்து சேருவார்கள். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம் நெஞ்சில் இருப்பதால் நாடகம் நடந்துவிடும்.

சுவாமிகளைச் சொல்லாமல் என்னால் பாண்ட்மனைப் பற்றி எழுத முடியாது. இருவரும் கிட்டத்தட்ட ஒரே வயது. சுவாமிகள் 1867, பாண்ட்மன் 1872. இறந்ததும் ஒரே வருஷம், 1922. பாண்ட்மன் ஜிப்ரால்டரில், பயண வழியில், ஐம்பதை ஒட்டிய வயதில். சுவாமிகள் பக்கவாதத்தில் பேச்சும் நடையும் தளர்ந்த பிறகும் கம்பெனியோடேயே இருந்து, புதுச்சேரியில். ஒருவர் மற்றவர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன் என்று தமிழ் நாடகக்காரர்கள் போன துறைமுகங்களும் பாண்ட்மன் போன துறைமுகங்களும் ஒன்றுதான். கே.பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் முதன்முதலில் சேர்ந்து நடித்தது 1926-ல் கொழும்பில்தான். அந்தக் கடல் வழியில் ஒரே துறைமுகத்துக்கு லண்டன் பாட்டும் வந்தது, பவளக்கொடி நாடகமும் வந்தது.

வித்தியாசமும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. பாண்ட்மன் தன் காலத்து வெள்ளைக்காரக் கூட்டத்துக்காகத்தான் தொழில் நடத்தினார். கம்பெனி பெயரில் ஓபரா இருந்தாலும், அதிகம் போட்டது லண்டனில் அப்போது ஓடிக்கொண்டிருந்த இசை நகைச்சுவைகள். அவற்றில் பல, கீழை நாட்டு மனிதர்களைப் பொம்மைகளாக மேடையேற்றியவை. எந்த நாட்டைப் பொம்மையாக்கினார்களோ அந்த நாட்டுத் துறைமுகத்திலேயே போய் ஆடிக் காசு வாங்கினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அப்புறம், பாண்ட்மன் யாரையும் வளர்த்துவிட்டுப் போகவில்லை. பாடகர்களை லண்டனிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார், ஒப்பந்தம் முடிந்தால் அவர்கள் திரும்பிப் போனார்கள். அவர் போனதும் அந்தச் சுற்றும் தேய்ந்துபோனது. சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியபோது, டி.கே. சண்முகம் ஆறு வயதில் அதில் வந்து சேர்ந்தார். 1925-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்த சபாவே தொடங்கிவிட்டார்கள். பாடமும் வழியும் அடுத்த தலைமுறைக்குப் போனது. ஒரு கம்பெனித் தலைவரை எடைபோட எனக்கு இதுதான் படிக்கல்: அவர் கண்ணை மூடிய மறுவருஷம் யார் பாடுகிறார்கள்?

ஆனால் சுவாமிகளுக்கு ஒரு கட்டடம் வாய்க்கவில்லை. கொட்டகைகள் எல்லாம் பிரித்து அடுக்கும் கொட்டகைகள். நாடகக் கம்பெனி நடத்திய சி. கன்னையாவின் தசாவதாரம் நாடகத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் வாயைப் பிளந்து நின்றார்கள், அந்தக் காட்சி ஜோடனைகள் நடந்த மேடை இன்றைக்கு எங்கே? பாண்ட்மனின் கம்பெனி போய்விட்டது, பாட்டுகள் மறந்துவிட்டன, ஆனால் அவர் வாழ்க்கையிலேயே சரியாகச் செய்த ஒன்று கிர்காவில் நிற்கிறது. இன்றைக்குப் போய் அவருடைய தொழில் அறிவைக் காதால் கேட்கலாம்.

அவர் நினைக்காத ஒன்றும் நடந்தது. வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டிய மேடையில் மராத்தி சங்கீத நாடகம் ஏறியது. மராத்தி நடிகரும் பாடகருமான பாலகந்தர்வா இங்கே பாடியிருக்கிறார். 1913-ல் கூட்டாளிகளோடு கந்தர்வ நாடக மண்டலியைத் தொடங்கிப் பிறகு தானே அதைச் சுமந்தவர். பெண் வேடத்துக்கு அசல் பட்டு, அசல் நகை, அசல் அத்தர் என்று செலவழித்துக் கம்பெனியைக் கடனில் ஏற்றி, பிறகு அந்தக் கடனை அடைக்கப் பாடிக்கொண்டே இருந்தவர். இன்னொரு மராத்தி நாடகப் பாடகர் தீனாநாத் மங்கேஷ்கர் இங்கே மேடையேறினார். பிருத்விராஜ் கபூர் தன் பிருத்வி தியேட்டர்ஸ் நாடகங்களை இங்கே நடத்தினார். மூவருமே கம்பெனித் தலைவர்கள். மேடையில் நடித்துவிட்டு, திரைக்குப் பின்னால் வந்து சம்பளக் கணக்கும் பார்த்தவர்கள். நடுவில் சினிமா வந்து, பக்கவாட்டு பாக்ஸ்களை (தனித்தனி இருக்கை அறைகளை) எடுத்துவிட்டுப் படக் கொட்டகையாக மாற்றினார்கள். சீரமைப்பில் அவற்றைப் பழைய படங்களைப் பார்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அந்த வேலைக்கு என் முழு மதிப்பெண்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெஸ்டர்ன் லைனில் ஸ்லோ வண்டி பிடித்து சார்னி ரோடில் இறங்கி, கிழக்குப் பக்கம் வந்தால் நடக்கும் தூரம்தான். சயான், மாட்டுங்கா, முலுண்ட் ஆட்கள் தாதரில் மாறிக்கொள்ளுங்கள். செவிக்கு விருந்து வேண்டுமென்றால் விளம்பரத்தை நன்றாகப் படித்து, குரலும் பியானோவும், அல்லது சின்ன வாத்தியக் கோஷ்டி என்று இருக்கும் நிகழ்ச்சியாகப் பார்த்துப் போங்கள். இங்கே நகைச்சுவைப் பேச்சு, கருத்தரங்கம், சினிமா என்று பலதும் நடக்கிறது, அவற்றுக்கு மைக் உண்டு. விலை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். மேல் பால்கனி பெரும்பாலும் மலிவு. மூட்டு வலி இருப்பவர்கள் மட்டும் கீழேயே உட்காருங்கள், நடு வரிசைக்குப் பின்னால். இத்தாலிய மொழியில் பாடுவார்களே, புரியுமா என்று கேட்டால், கதையை வீட்டிலேயே படித்துக்கொண்டு போங்கள். வள்ளி திருமணத்துக்குப் போகிறவன் கதை தெரியாமலா போகிறான்? குழந்தைகளைக் கூட்டிப் போகலாம், எட்டு ஒன்பது வயசுக்கு மேல் என்றால் நல்லது. மைக் இல்லாமல் ஒரு மனிதத் தொண்டை எவ்வளவு செய்யும் என்று அந்த வயதிலேயே தெரியட்டும்.

மும்பைத் தமிழ்ச் சபாக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு வேண்டுகோள். ஓர் இரவு இந்த மேடையை வாடகைக்கு எடுங்கள். மதுரையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களை வரவழையுங்கள். விடிய விடிய வேண்டாம், மூன்று மணி நேரத்துக்கு வள்ளி திருமணம் போதும். ஆர்மோனியம், மிருதங்கம், தாளம். ஒரு மைக்கும் கூடாது. வேலன் மேடையில் நின்று ஐந்து கட்டையில் எடுக்கும்போது மேல் பால்கனியில் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். கலைஞர்களின் ரயில் டிக்கெட்டையும் சாமான் பதிவையும் நான் பார்த்துக்கொள்கிறேன், அந்த வேலை எனக்குத் தெரியும். அப்பாவின் ஆர்மோனியமும் வீட்டில் இருக்கிறது, இரண்டு ரீடு மட்டும் மாற்ற வேண்டும்.